டென்ஷன் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தானா?

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது 39. ஷூ தொழிற்சாலையில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை. தலைவலி, நீர்க்கடுப்பு என்றார். ஐந்து நிமிடம் உட்காரவைத்து இரண்டு முறை பார்த்தேன். (வந்த வேகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது.) 170/110. இந்த மாதத்தில் இதே கதையோடு வந்த ஐந்தாவது பெண் இவர்.

வேலையில் நெருக்கடி அதிகமா என்று கேட்டேன். “டென்ஷன் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்குத்தானே டாக்டர்? எங்களுக்கு உடம்பு வலிதான்” என்றார்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தொழிலாளி சொல்கிறார், சூப்பர்வைசர் சொல்கிறார், முதலாளியும் சொல்கிறார். என் சக மருத்துவர்களில்கூடச் சிலர், தையல் வேலை என்றதும் கழுத்தையும் முதுகையும் மட்டும் பார்த்து வலி ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த அம்மாவின் ஒரு நாளைக் கேளுங்கள். கம்பெனி பஸ் ஆறரைக்கு ஊருக்கு வந்துவிடும். அதற்குள் சமையலை முடிக்க நாலு மணிக்கே எழுகிறார். காலைச் சாப்பாடு டப்பாவில் போகிறது, பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. லைனுக்கு முன்னால் போர்டில் மணிக்கு இத்தனை ஜோடி என்று எழுதியிருக்கும். இவர் கொஞ்சம் பிந்தினால் அடுத்தவரிடம் வேலை நின்றுவிடும். எல்லார் முன்னிலையிலும் பேர் சொல்லித் திட்டு விழும். கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டும், லைனுக்கு இரண்டே டோக்கன். கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வேலூர்ப் பக்கத்து வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்?

பொறுப்பு அதிகமுள்ள பெரிய பதவிக்காரருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். லண்டனில் 1967-இல் அரசு ஊழியர்களை வைத்துத் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. தன் வேலையின் வேகத்தைத் தான் முடிவுசெய்ய முடியாத நிலை இதயத்தைத் தாக்குகிறது என்று அதைத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. டோக்கனுக்காகக் காத்திருப்பவரைவிட அந்த நிலையில் இருப்பவர் யார்?

வேலை நேரமும் சாதாரண விஷயமல்ல. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. நம் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது, அதற்கு மேல் என்றால் இரட்டிப்பு ஊதியம். அந்தக் கூடுதல் பணத்துக்காகவே ஓவர்டைம் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகத்தினரிடம் பேசினால் “யோகா வகுப்பு வைத்தோமே டாக்டர்” என்கிறார்கள். யோகா நல்லதுதான். முதலில் டோக்கன் முறையை எடுத்துவிடுங்கள். லைனுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மெஷினை நிறுத்துங்கள். ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தப்பு நடந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் கத்தாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: முப்பது வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். தலைவலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற தைரியத்தில் தாமதமாக வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தூக்கம் வராமல், அழுகை அழுகையாக வருகிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வீட்டிலிருக்கும் ஆண்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: காலை நாலு மணி வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவார்.

அந்த அம்மாவுக்கு மாத்திரையோடு ஒரு கடிதமும் கொடுத்தேன்: ‘இவர் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குச் செல்லவும் அனுமதிக்கவும்.’ மடித்துப் பையில் வைத்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “இதைக் கொடுத்தால் வேலையைவிட்டு நிறுத்திவிட மாட்டார்களே?” என்று கேட்டார். கடிதத்தை வாங்கி, மேலாளர் என்னிடமே பேசட்டும் என்று அடியில் என் செல்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை அழைப்பு வரவில்லை.