பேட்டன்ட் என்றால் திறப்பா, காப்பா?

கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கிற மெஷின் செய்து கொடுப்பார். ஐஸ் பாரை உள்ளே தள்ளினால் மாவாகவும் போகாமல் பெரிய கட்டியாகவும் நிற்காமல், மீன் பெட்டியில் அள்ளிப் பரப்புகிற பதத்தில் வெளியே வர வேண்டும். அதற்காக உருளையில் இருக்கும் முட்களின் வரிசையை அவரே யோசித்து மாற்றியிருந்தார். போன மாதம் போனபோது மெஷினில் புதிதாக ஒரு ஸ்டிக்கர், ‘பேட்டன்ட் பெற்றது’ என்று. எப்போ வாங்கினீங்கண்ணே என்று கேட்டதும் லேமினேட் செய்த சான்றிதழை எடுத்து நீட்டினார். படித்துப் பார்த்தால் அது டிரேட்மார்க் பதிவு. மெஷினின் பெயருக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் மீன் படத்துக்கும்தான் பாதுகாப்பு, முட்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பேட்டன்ட் வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்ட ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லையாம்.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சொல்லை நாம் எல்லோருமே அப்படித்தான் புழங்குகிறோம். “இந்த இடத்துக்கு என்ன பட்டா போட்டு வச்சிருக்கியா?” என்று கேட்டு வந்த வாய்தான் இப்போது “பேட்டன்ட் வாங்கி வச்சிருக்கியா?” என்கிறது. நம் காதில் பேட்டன்ட் என்றால் ‘இது என்னுடையது, கையை வைக்காதே’, அவ்வளவுதான். சொல்லின் வேரைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது.

லத்தீனில் ‘பதேரே’ என்றால் திறந்திருத்தல். அந்தக் கால ஐரோப்பிய அரசர்கள் இரண்டு வகையாக ஓலை விட்டார்கள். ஒன்று மடித்து மூடி முத்திரை வைத்தது, பெயருக்குரியவர் முத்திரையை உடைத்தால்தான் படிக்க முடியும். இன்னொன்று திறந்த கடிதம், முத்திரை அடியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிலமோ பதவியோ வணிக உரிமையோ கொடுத்தால், ஊருக்கே தெரியட்டும் என்று இந்தத் திறந்த கடிதத்தில்தான் கொடுப்பார்கள். அதில் இருந்த ‘திறந்த’ என்கிற அடைமொழி மட்டும் தனியே பிய்ந்து வந்து பேட்டன்ட் ஆகிவிட்டது. இன்றைக்கும் குழந்தை பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்துவிட்டால் இதய டாக்டர்கள் அதை ‘பேட்டன்ட்’ என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள், அங்கே பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவரைச் சுற்றி வந்தால் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்ன நிலத்தை இன்ன விளக்குக்கு விட்டோம் என்கிற மாதிரியான செய்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் சுவரில் வெட்டி வைத்தார்கள், மழையும் வெயிலும் பார்க்க. கொடுத்தது ஒருவருக்கு, தெரிய வேண்டியது எல்லோருக்கும்.

புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்கு இந்தத் திறந்த கடிதம் வந்ததற்கு 1449இல் ஒரு நல்ல சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி, ஜான் ஆஃப் யூட்டினம் என்கிற வெளிநாட்டுக் கைவினைஞருக்கு வண்ணக் கண்ணாடி செய்யும் தனியுரிமையை 20 ஆண்டுக்குக் கொடுத்தார், உள்ளூர்க்காரர்களுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1474இல் வெனிஸ் இதைச் சட்டமாகவே எழுதியது. இந்தியாவுக்கு 1856இல் வந்தது. முதல் விண்ணப்பம் கல்கத்தாவில் டிபென்னிங் என்பவருடையது, பங்கா இழுக்கிற இயந்திரம்! (வெள்ளைக்காரர் தலைக்கு மேலே துணி விசிறியைக் கயிறு கட்டி ஒரு ஆள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதற்குப் பதிலாக.)

ஆக பேட்டன்ட் ஒரு கொடுக்கல் வாங்கல். நீ கண்டுபிடித்ததை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கிற அளவுக்கு முழுசாக எழுதிக் கொடு, அரசு அதை வெளியிடும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு உன்னைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. அப்புறம் அது ஊர்ப்பொது. வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் பேட்டன்ட் பக்கமே போகக் கூடாது. பிரியாணிக் கடைக்காரர் மசாலா அளவை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார் பாருங்கள், அது தொழில் ரகசியம், அது வேறு வழி.

சமூகம் இந்தப் பேரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதில்தான் எல்லாச் சண்டையும். பேட்டன்ட் சட்டத்தைப் பற்றி நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி வந்த 1970 சட்டம், மருந்தைச் செய்கிற முறைக்கு மட்டும் உரிமை, மருந்துக்கே இல்லை என்றது. வேறு செய்முறையில் அதே மருந்தை இங்கே மலிவாகச் செய்ய முடிந்தது அதனால்தான். 2005இல் மருந்துக்கும் உரிமை வந்தது, ஆனால் பழைய மருந்தையே கொஞ்சம் மாற்றி, குணப்படுத்தும் திறன் கூடாமல் மறுபடி 20 ஆண்டு கேட்க முடியாது என்று சட்டத்தின் 3(d) பிரிவையும் திருத்தி எழுதிவிட்டார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2006இல் தள்ளுபடி செய்தது நம் சென்னை பேட்டன்ட் அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1 அன்று அதே முடிவு உறுதியானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? காப்புரிமை என்பதுதான் பரவலான சொல். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, திறப்பது என்ற பொருளுள்ள சொல்லுக்குப் போய்க் காப்பு என்று பூட்டுப் போடுகிறார்களே என்று. ஆனால் ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் காப்பு கட்டுவதைப் பார்த்தபோது மனம் மாறியது. காப்பு கட்டுவது ஊரறிய நடக்கிறது, திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிய முடியாது. ஊரறிய, காலக்கெடுவோடு. இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? காப்புரிமம் என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது சரிப்படவில்லை. ஓட்டுநர் உரிமம் மாதிரி உரிமம் என்றால் லைசென்ஸ். காப்புரிமை வைத்திருப்பவர் அடுத்தவருக்குத் தருவதுதான் உரிமம், இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் ஒப்பந்தம் எழுதும்போது தலை சுற்றும்.

உண்மையான குழப்பம் வேறு இடத்தில். பாட்டுக்கும் கதைக்கும் உள்ள காப்பிரைட்டையும் பத்திரிகைகள் காப்புரிமை என்றே எழுதுகின்றன, ‘காப்பி’ என்ற ஒலி ‘காப்பு’க்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ. அதற்குப் பதிப்புரிமை என்ற நல்ல சொல் இருக்கிறது. அது எழுதியவர் ஆயுளுக்கும் அப்புறம் 60 ஆண்டுக்கும் நிற்கும், பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. டிரேட்மார்க் வணிகக்குறி, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். எல்லாம் சேர்ந்தது அறிவுசார் சொத்துரிமை. இலங்கையில் புலமைச் சொத்து என்கிறார்கள், நம்முடையதைவிட அது அழகு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். அப்போ முள்ளு உருளைக்கு இப்போ காப்புரிமை போடலாமா என்றார். இரண்டு வருஷமாக விற்கிறார், மெஷின் ஓடுகிற வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு போட்டிருக்கிறார். விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்ட பொருள் சட்டத்தின் கண்ணில் புதியது இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. காப்புரிமை இல்லாத பொருளில் இருப்பதாகப் போட்டால் அதற்கும் அபராதம் உண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னதும், பையனைக் கூப்பிட்டு ஆக்சா பிளேடு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார். மீன் படத்தை மட்டும் விட்டுவிட்டார்.