லக்ராஸ் என்னும் ஏந்துகோல் பந்து

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்தது. திருநெல்வேலிப் பக்கம் டீக்கடைப் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான். அதே முடிவில் பேஸ்பால், கொடிக் கால்பந்து, ஸ்குவாஷ் இவற்றோடு லக்ராஸும் உள்ளே வந்தது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் பழகுகிற பையன் ஒருவன் அந்தப் பட்டியலைப் படித்தால், பி.டி. வாத்தியாரிடம் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: “சார், லக்ராஸ்னா ஹாக்கி மாதிரியா சார்?”

ஆட்டத்தைப் பார்த்தால் இல்லை; லக்ராஸில் கோலின் முனையில் இருக்கும் வலையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடி எறிவார்கள். ஆனால் சொல்லைப் பார்த்தால் அவன் கேட்டது சரிதான்.

லக்ராஸ் பிரெஞ்சுச் சொல். ‘லா’ என்பது பெயருக்கு முன்னால் போடுகிற சுட்டு. ‘குரோஸ்’ என்றால் முனை வளைந்த கோல். ஆங்கிலேயர்கள் சுட்டையும் பெயரையும் ஒன்றாக ஒட்டி ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். ஆயர்கள் பூசையில் பிடிக்கும் தலை வளைந்த செங்கோலுக்கும் பிரெஞ்சில் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் ஊன்றுகோலுக்கு வழங்கும் ‘கிரட்ச்’ என்ற சொல்லும் இதே ஜெர்மானிய வேரிலிருந்து கிளைத்தது. ஆக, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் லக்ராஸ் என்பது வளைகோல். அந்தப் பெயரைத்தான் நாம் எப்போதோ ஹாக்கிக்குக் கொடுத்துவிட்டோமே! 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டி, ஹாக்கியை ஊர் ஆட்டமாகவே வளர்த்த ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் போய் வளைகோல் பந்து என்றால் வேறு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள்?

பெயர் எப்படி வந்தது என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குப் போன பிரெஞ்சுப் பாதிரியார்கள், அங்குள்ள மக்கள் பிடித்திருந்த கோலைப் பார்த்தார்களாம், ஆயரின் செங்கோல் நினைவுக்கு வந்ததாம், அதனால் அந்தப் பெயரை வைத்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோலால் பந்தடிக்கும் ஆட்டங்களை ‘குரோஸ் ஆடுவது’ என்று சொல்லும் வழக்கம் பிரான்சில் முன்பே இருந்தது. போன இடத்தில் கோலும் பந்துமாக ஓர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் சொல்லிப் பழகிய பெயரையே அதற்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

பெயரை எழுத்தில் பதித்தவர்களில் முதன்மையானவர் ழான் தெ பிரெபெஃப், இயேசு சபைத் துறவி. வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹூரான் மக்களிடையே தங்கியிருந்த அவர், 1636இல் அனுப்பிய அறிக்கையில் இந்த ஆட்டத்தைக் குறிப்பிடுகிறார். நோயாளி குணமாக வேண்டும் என்று ஊரே கூடி ஆடுவது வழக்கம் என்கிறார். அதே சபையைச் சேர்ந்த அன்றிக் அன்றிக்கே அடிகளார், அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே நம் முத்துக்குளித்துறையில் இருந்து தமிழ் கற்று, 1578இல் தமிழை அச்சிலும் ஏற்றினார். அவர் மறைந்தது புன்னைக்காயலில். இங்கே வந்தவர் நம் சொற்களை நம் சொற்களாகவே எழுதிவைத்தார். அங்கே போனவர்கள் சொந்த ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டார்கள், அதுவே உலகத்துக்கும் பெயராகிவிட்டது. ஆட்டத்துக்கு உரியவர்களின் சொற்கள் பின்னுக்குப் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சொற்களில் ஒன்று, மோஹாக் மொழியின் தேவாராதோன். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கு 2001 முதல் இந்தப் பெயரில்தான் விருது தருகிறார்கள். தெற்கே சொக்டா மக்கள் இரண்டு கையிலும் இரண்டு சிறு கோல் பிடித்து ஆடும் வகையை இஷ்டபோலி என்பார்கள். மோஹாக் உட்பட ஆறு பழங்குடி மக்கள் சேர்ந்த ஹாடனஷோனி கூட்டமைப்பினருக்கு இது படைத்தவனின் ஆட்டம். மருந்து ஆட்டம் என்ற பெயரும் உண்டு. பிரெபெஃப் எழுதியது அதைத்தான்.

இனி, தமிழில் என்ன சொல்வது? அதற்கு முன் கோலைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். பழைய கோல் ஹிக்கரி என்ற மரத்தில் ஆனது. கட்டையை ஆவியில் வேகவைத்து முனையை வளைப்பார்கள். வளைந்த முனைக்கும் தண்டுக்கும் நடுவே தோல் வாரையும் நரம்பையும் பின்னி வலை போடுவார்கள். இன்று தண்டு உலோகம், தலை பிளாஸ்டிக். வலை மட்டும் இன்னும் வலைதான், இறுக்கிக் கட்டாமல் பை போலத் தொய்வாக விட்டது. புளியங்குடி, தென்காசிப் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் கீழே விழாமல் பறிக்க, முனையில் வலைப்பை கட்டிய நீளக் கம்பு வைத்திருப்பார்களே, ஏறத்தாழ அந்த அமைப்பு. பந்து கெட்டி ரப்பர், எடை 145 கிராம் அளவு. ஆடுகிறவர் அதைக் கையால் தொடக் கூடாது. வலையில் எடுத்து, வலையில் வைத்துக்கொண்டே ஓடி, வலையிலிருந்தே எறிய வேண்டும். ஓடும்போது பந்து வெளியே துள்ளிவிடாமல் இருக்க, மணிக்கட்டையும் முன்கையையும் உள்ளும் புறமுமாகச் சுழற்றி, கோலை ஆட்டிக்கொண்டே போவார்கள். அந்த அசைவு கைக்கு வராதவர் நாலடி ஓடுவதற்குள் பந்தைத் தவறவிடுவார். எதிராளியும் சும்மா விடமாட்டார். பந்தைப் பறிக்கத் தன் கோலால் கோலின் மேலும் கையுறையின் மேலும் தட்டிக்கொண்டே வருவார்.

வலை இருப்பதால் வலைக்கோல் பந்து என்று சொல்லலாமே என்று தோன்றும். எழுத்தில் சரி. வானொலியில் நேர்முக வர்ணனை செய்கிறவர் வாயில் வலைக்கோலும் வளைகோலும் எப்படிப் பிரிந்து கேட்கும்? ல, ள ஒலிகளை நன்றாகப் பிரித்துச் சொல்கிற நெல்லைச் சீமைக்காரர்களுக்கே வேகத்தில் குழம்பும். வலைத்தடி என்று மாற்றினாலும் தப்பவில்லை, ஹாக்கிக்கு வளைதடி என்றும் ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. வலைமட்டை என்றால் டென்னிஸ் ராக்கெட் கண்முன் வந்து நிற்கும். வலைப்பந்து, கூடைப்பந்து இரண்டும் ஏற்கெனவே வேறு ஆட்டங்களின் பெயர்கள். லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இலக்ராசு என்று எழுதுவோரும் உண்டு. இலக்கணம் சரி, பொருள் எதுவும் வந்து சேரவில்லை.

தமிழ் தன் கோல்களுக்குப் பெயர் வைத்த விதத்தைப் பார்த்தால் வழி கிடைக்கிறது. ஊன்றுவதற்கு ஊன்றுகோல். எழுதுவதற்கு எழுதுகோல். விளக்குத் திரியைத் தூண்டத் தூண்டுகோல். கோல் எப்படி இருக்கிறது என்பதைவிட, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதே பெயராகிறது. சரி, இந்தக் கோலை வைத்து என்ன செய்கிறார்கள்? ஹாக்கியில் பந்தை அடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள். இதில் பந்தை ஏந்துகிறார்கள். அதனால் ஏந்துகோல்.

ஏந்துதல் என்றால் விழாமல் தாங்கிப் பிடித்தல். பிள்ளையைக் கையில் ஏந்துகிறோம். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேடம் போட்டவர்கள் தட்டு ஏந்திக் காணிக்கை பிரிக்க வருகிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் மடி ஏந்துகிறார்கள். பந்தை வலையில் வைத்து ஆட்டிக்கொண்டே ஓடும் அந்த அசைவை ஆங்கிலத்தில் தொட்டிலின் பெயரால் சொல்வார்கள். நமக்கு ஏந்தல் என்ற ஒரு சொல்லே போதும். “நல்ல ஏந்தல்” என்று வர்ணனையாளர் சொன்னால் யாருக்கும் புரியும்.

கோல் போடுவது, கோல் அடிப்பது என்ற ஆங்கிலக் ‘கோல்’ குறுக்கே வருமே என்று கேட்பார்கள். வளைகோல் பந்தும் அதோடுதான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. வேண்டுமானால் கோல் கம்பத்தை இலக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆட்டத் தொடக்கத்தில் இருவர் குனிந்து, கோல்களைத் தரையில் கிடத்தி, நடுவில் வைத்த பந்துக்குப் போட்டி போடுவதற்குப் பந்துபறி என்று பெயர் வைத்தால் பொருந்தும். தாக்கு, நடு, காப்பு, இலக்குக் காவலர் என்ற சொற்கள் கால்பந்திலேயே பழகியவை. களத்தில் ஓர் அணிக்குப் பத்துப் பேர்: காவலர் ஒருவர், மற்ற மூன்று வரிசைக்கும் மும்மூன்று பேர். காப்பு வரிசையினர் ஆறடி நீளம் வரைகூடக் கோல் பிடிக்கலாம். அதற்கு நெடுங்கோல், மற்றவர்களுடையது குறுங்கோல். ஒலிம்பிக்கில் ஆடப்போவது அணிக்கு ஆறு பேர் ஆடும் சிறு வடிவம், ஆகவே அறுவர் ஆட்டம். பத்துப் பேர் ஆடும் ஆண்கள் ஆட்டத்தில் உடலோடு மோத அனுமதி உண்டு, தலைக்கவசமும் கையுறையும் கட்டாயம். பெண்கள் ஆட்டத்துக்கு விதிகள் வேறு. அதனால் செய்தி எழுதும்போது ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து நாட்டு அணி என்ற சொல். ஆண்கள் உலகப் போட்டி 1967இல் டொரண்டோவில் தொடங்கியபோது வந்தவை நான்கே அணிகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. 2023இல் சான் டியாகோவில் 30 அணிகள். அங்கே இறுதியில் அமெரிக்கா 10–7 என்று கனடாவை வென்றது; அமெரிக்காவுக்கு அது 11ஆவது பட்டம். மீதி மூன்றும் கனடாவுக்கு, 1978, 2006, 2014 ஆண்டுகளில். மூன்றாம் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். 2014, 2018, 2023 மூன்று முறையும் வெண்கலம் ஹாடனஷோனி அணிக்கு. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்ற ஆறு மக்களின் கூட்டமைப்பு அது. பெயரின் பொருள் நீள்வீட்டு மக்கள். பிறர் வைத்த இராக்வாய் என்ற பெயரில்தான் அவர்கள் அணி நெடுங்காலம் ஆடியது. 2022இல் அதை விட்டுத் தங்கள் சொந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இவர்களுக்கென ஐ.நா.வில் இடமில்லை, ஆனால் சொந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது. 2010இல் மான்செஸ்டர் உலகப் போட்டிக்குக் கிளம்பியபோது அந்தக் கடவுச்சீட்டைப் பிரிட்டன் ஏற்கவில்லை. ஆட்டத்தைப் பெற்றெடுத்தவர்கள் இல்லாமலேயே போட்டி நடந்து முடிந்தது. ஒலிம்பிக்கிலும் அதே சிக்கல் நிற்கிறது: தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளுக்குத்தான் அனுமதி, ஹாடனஷோனி ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடலாம் என்பது ஒலிம்பிக் குழுவின் நிலை. 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடனே அவர்கள் தனி அணியாக ஆட ஆதரவு தெரிவித்தார். அவர்கள் தனி அணியாகத்தான் வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்று யோசிக்கும்போது நம் பழைய ‘நாடு’ கைகொடுக்கிறது. கல்வெட்டுகளில் கீழ்வேம்ப நாட்டுத் திருநெல்வேலி என்று வரும். அந்த நாட்டுக்குத் தனி அரசனும் இல்லை, கொடியும் இல்லை. ஒரு நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் சேர்த்துச் சொன்ன சொல் அது. எனவே தேசிய அணி என்பதைவிட நாட்டணி என்றே எழுதலாம். அமெரிக்க நாட்டணி, கனடா நாட்டணி, ஹாடனஷோனி நாட்டணி, மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது.

எழுதுவோருக்கு இரண்டு குறிப்புகள். ஏந்துகோல் வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ஏந்துக்கோல் என்று எழுத வேண்டாம். பந்து சேரும்போது ஏந்துகோற்பந்து என்று புணர்த்துவது இலக்கணம். பிரித்து ஏந்துகோல் பந்து என்றே எழுதினால் படிக்க எளிது. கொஞ்ச காலத்துக்கு முதல் வரியில் மட்டும் லக்ராஸ் என்ற பெயரையும் பக்கத்தில் போட்டுவிடலாம்.