பாசிபிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘பாசிபிசம்’ என்று எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டால் ‘பாசிசம்’ ஆகிவிடுகிறது. முன்னது போரே கூடாது என்பது, பின்னது போரைக் கொண்டாடுவது. தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு இந்த ஆபத்து ஒன்றே போதும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பாக்ஸ்’ என்றால் சமாதானம், ‘ஃபகேரே’ என்றால் செய்தல். பசிபிக் கடலின் பெயரும் இந்தக் குடும்பம்தான். பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதைக் குறிக்கும் ‘பாசிவ்’ வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். 1901இல் கிளாஸ்கோவில் கூடிய உலக அமைதி மாநாட்டில் பிரெஞ்சுக்காரர் எமில் அர்னோ இச்சொல்லை முன்வைத்தார். பிறகு ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது.

தமிழில் ‘சமாதானவாதம்’, ‘அமைதிவாதம்’ இரண்டும் புழங்குகின்றன. எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. “சமாதானம் சொல்லாதே” என்றால் சாக்குச் சொல்லாதே என்று பொருள். “சமாதானமாகப் போ” என்றால் விட்டுக்கொடு. ‘அமைதி’யோ வகுப்பறையில் வாத்தியார் போடும் சத்தத்தை நினைவூட்டுகிறது.

செலினா கூப்பரை (1864–1946) எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பருத்தி ஆலைத் தொழிலாளி. சிறுமியாக இருந்தபோதே பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி. லங்காஷயர் ஆலைப் பெண்கள் 29,359 கையெழுத்துகளோடு வாக்குரிமை மனு கொடுத்தார்களே, அதற்குக் கையெழுத்துத் திரட்டியவர்களில் ஒருவர். அதுவும் 1901தான். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 ஆகஸ்டில் லங்காஷயரின் நெல்சன் நகரில் ஆயிரம் பெண்களோடு போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போனார். அவர்களைவிடப் பெரிய கூட்டம் திரண்டு வந்து கூச்சலிட்டு மறித்தது. குதிரைப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. இந்தப் பெண்களைப் போய் ‘அமைதிவாதிகள்’ என்றால் எப்படிப் பொருந்தும்?

‘போர்மறுப்பு’ என்பதே என் பரிந்துரை. மனச்சான்றைக் காட்டிப் படையில் சேர மறுத்தவர்களை ‘மறுப்பாளர்’ என்றுதானே சொல்கிறோம், அதோடும் இது இணங்கும். ‘போரெதிர்ப்பு’ கொஞ்சம் வேறு. ஒரு குறிப்பிட்ட போரை எதிர்ப்பவர் போரெதிர்ப்பாளர். எந்தப் போரையும் ஏற்காதவர் போர்மறுப்பாளர்.

அப்படியானால் செலினா யார்? 1917இல் அவரும் அவரோடு நின்றவர்களும் கேட்டது பேச்சுவார்த்தை மூலம் போரை முடிப்பதை. 1934இல், எழுபதை நெருங்கும் வயதில், சிறையிலிருந்த பெண் அரசியல் கைதிகளுக்காக நாஜி ஜெர்மனிக்கே போனார். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ‘போரெதிர்ப்பாளர்’ என்று தயங்காமல் எழுதுவேன். எந்தப் போரும் கூடாது என்று அவர் சொன்னதாக இவற்றிலிருந்து தெரியவில்லை, அதனால் ‘போர்மறுப்பாளர்’ என்று எழுதக் கை வராது. ஆங்கிலக் கட்டுரைகளில் இத்தகையவர்கள் எல்லாருக்கும் ‘பாசிபிஸ்ட்’ என்ற ஒரே முத்திரைதான் விழுகிறது. மொழிபெயர்க்கிறவர்கள் ஆளைப் பார்த்துச் சொல்லைப் போடுவது நல்லது.