மூச்சு முந்தும், குதிகால் பிந்தும்

2025 ஜூலையில் வாஷிங்டன் போட்டியில் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 45 வயதில் ஓர் ஆட்டம் ஜெயித்ததிலிருந்து, சேலத்தில் என் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களுக்குப் புதிதாக ஒரு வாதம் கிடைத்திருக்கிறது. "நாப்பத்தஞ்சு வயசுல அந்தம்மா ஆடுறாங்க, எனக்கு நாப்பத்திரண்டுதானுங்களே சார்?" நியாயமான கேள்விதான். 16 மாதம் போட்டிப் பக்கமே வராமல் இருந்தவர், 23 வயது பேட்டன் ஸ்டெர்ன்ஸை 6-3, 6-4 என்று நேர் செட்டில் சாய்த்தார். 2004 விம்பிள்டனில் 47 வயது மார்ட்டினா நவ்ரத்திலோவா வென்ற பிறகு, இவ்வளவு வயதில் மகளிர் டூரில் ஒற்றையர் ஆட்டம் ஜெயித்தவர் வேறு யாருமில்லை.

ஸ்கோரைச் சொல்கிறவர்கள் மிச்சத்தைச் சொல்வதில்லை. அந்த வாரம் வீனஸ் முதலில் இறங்கியது இரட்டையரில். ஒற்றையர் மறுநாள்தான். இரண்டாவது சுற்றில் 6-2, 6-2 என்று தோற்றார். பிறகு அமெரிக்க ஓப்பனில் ஒற்றையரில் முதல் சுற்றோடு வெளியேறினார், இரட்டையரில் காலிறுதி வரை போனார். ஜப்பானின் கிமிகோ டாட்டே இன்னும் நல்ல உதாரணம். 1996இல் ஓய்வு பெற்றவர் 2008இல் 37 வயதில் திரும்பினார். நேராகப் பெரிய மேடைக்குப் போகவில்லை. சொந்த நாட்டில் கிஃபு நகரத்துச் சின்னப் போட்டி ஒன்றில், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினார். சியோலில் பட்டம் வென்றது 2009 செப்டம்பரில், 39வது பிறந்தநாளுக்கு முதல் நாள். அந்த ஒன்றரை வருடத்தைத்தான் நம் ஆட்கள் மூன்று வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

பல வருடம் விட்டுவிட்டு மறுபடி ஆட ஆரம்பித்தால் உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. முதலில் வருவது மூச்சு. இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது. மூன்றாவது வாரம் "பழைய ஃபார்ம் வந்துருச்சு" என்று தோன்றும். தசை அடுத்து வரும், அதற்கு ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். கடைசியாக வருவது தசைநாண். குதிகாலுக்கு மேலே கயிறாகத் தட்டுப்படுமே, அதுதான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். பாரம் பழகி உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். சாதாரணமாக ஓடும்போதே உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு சுமை அதன்மேல் விழுகிறது. ஷட்டில் கோர்ட்டில் பின்னால் போய், கால் ஊன்றி, சட்டென முன்னால் பாய்வது இன்னும் மோசம்.

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "மோட்டாரைப் புதுசா மாத்திட்டு பெல்ட்டைப் பழசாவே விட்ட மாதிரிங்களா?" என்றார். அதேதான். ஆகையால் எனக்குப் பயம் முதல் வாரத்து ஆளைப் பற்றி அல்ல. மூச்சு வாங்குவதால் அவரே உட்கார்ந்துவிடுவார். நாலாவது, அஞ்சாவது வாரம், மூச்சு வாங்காமல் "இன்னொரு கேம் போடலாம்" என்கிறாரே, அவரைப் பற்றித்தான்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த நாற்பது வயதுக்காரர்கள் ஆடும் நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். கடையைப் பூட்டிவிட்டு இரவு ஒன்பதரைக்கு, இல்லையென்றால் விடிகாலை ஐந்தரைக்கு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர் பகல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர். இடுப்பும் கெண்டைக்காலும் இறுகிப்போயிருக்கும். உட்புறக் கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை, அதனால் வார்ம் அப்புக்குப் பத்து நிமிடம் செலவழிக்க மனசு வராது. போதாததற்கு, வாக்கிங் ஷூவிலேயே ஆட்டம். அதன் உயரமான, மெத்தென்ற அடிப்பகுதி நேராக நடக்கச் சரி. பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் பிசகும்.

இனி நான் அடிக்கடி பார்க்கும், பார்க்கக் கூடாத ஒரு விஷயம். ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்ததுபோல இருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அது தசைநாண் அறுந்த சத்தம். ஏமாற்றும் சங்கதி என்னவென்றால், வலி கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். நொண்டி நொண்டி நடக்கவும் முடியும், விரல்களையும் பாதத்தையும் அசைக்கவும் முடியும், ஏனென்றால் அந்த வேலையை ஓரளவு செய்யப் பக்கத்தில் வேறு தசைகள் இருக்கின்றன. அதனால் "சுளுக்குதான்" என்று முடிவாகிவிடும். எண்ணெய் போட்டு உருவுவார்கள், பச்சிலைக் கட்டுப் போடுவார்கள். ஒன்றரை மாதம் கழித்து, படியேற முடியவில்லை என்று வருவார்கள். அதற்குள் அறுந்த முனைகள் விலகி, தசையும் சுருங்கியிருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, பாதம் ஓரத்துக்கு வெளியே தொங்கும்போது கெண்டைக்கால் சதையை அமுக்குங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. அசைந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் ஸ்கேன் இருக்கிறது. முதல் சில நாட்களில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டால், விரல் நுனி கீழே பார்க்கும்படி கட்டுப் போடுவதா, அறுவை சிகிச்சையா என்று தேர்வு செய்ய இடம் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களும், சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும்.

வீனஸ் கதையில் பெண்கள் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. அவர் விலகியிருந்த காலத்தில்தான் கர்ப்பப்பை நார்க்கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பல வருடம் அதிக உதிரப்போக்கும் ரத்தச்சோகையும் இருந்ததை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உலகத் தரப் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் சுற்றி இருந்த ஒருவருக்கே இந்த நிலை. இங்கே "ரெண்டு ரவுண்டு நடந்தாலே மூச்சு வாங்குது, வயசாயிருச்சு" என்று வருகிற பெண்களிடம் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. 12க்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை. உடற்பயிற்சியை ஏற்றுவதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள், எதனால் குறைந்தது என்றும் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் வயசின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆண்களுக்கு இதயம். நாற்பது தாண்டி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ இருந்தால் கோர்ட்டுக்குப் போகும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆடும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் அதை வாயு என்று சோடா குடித்துத் தீர்க்காதீர்கள்.

சரி, எப்படித் திரும்புவது? கோர்ட்டுக்கு முன் வீட்டில் எட்டு வாரமாவது கெண்டைக்காலைத் தயார் செய்யுங்கள். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுசாகத் தூக்கி மெதுவாக இறக்குவது. ஒவ்வொரு காலிலும் தொடர்ந்து 20 வராதவரை ஒற்றையர் ஆட்டம் வேண்டாம் என்பது என் கணக்கு. எட்டு வாரம் முடிந்ததும் முதலில் வாரம் இருமுறை, இரட்டையர் மட்டும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. நம்மூர் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது எல்லாருக்கும் தெரியும். அப்படித் திரும்பும் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பந்து என்று எண்ணித்தான் தருவார்கள். நீங்களும் கேம்களை எண்ணுங்கள். மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் இறுக்கம் கூடியிருந்தால், முந்தைய நாள் அளவு அதிகம்.

ஃபிட்னஸ் திரும்பிவிட்டதா என்று பார்க்க ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதில் மூச்சுதான் அதிகம் செலவாகும். தொடையை அடிப்பது இறக்கம். ஒவ்வொரு அடியிலும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதில்தான் தசை இழைகள் சேதமாகின்றன. பழக்கமில்லாதவர்கள் முதல் சில முறை ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் தொடை வலிப்பது இயல்பு. வலி தாங்கமுடியாமல், தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது இயல்பு அல்ல. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். வலி மாத்திரை போடாமல், அன்றைக்கே மருத்துவமனையில் ரத்தத்தில் சி.பி.கே.யும் (தசைச் சிதைவைக் காட்டுவது) கிரியாட்டினினும் (சிறுநீரக நிலையைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள்.