கருத்தரங்கில் கதைக்க முதல்: மேடைப் பயத்தோடு என்ன செய்யலாம்?

"வாற கிழமை செமினார். இப்பவே நெஞ்சு படபடக்குது" என்று உளவளத்துணைக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் விடயத்தை நன்றாகப் படித்தவர்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ இறுதியாண்டு ஆய்வைச் சமர்ப்பிக்கும் மாணவருக்கும் இந்த நடுக்கம் வருகிறது. மாவட்டச் செயலகத்தில் முன்னேற்ற அறிக்கை சொல்ல வேண்டிய அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் வருகிறது. இருவரும் பயம் போன பிறகு மேடையேறலாம் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நாள் வராது. பயத்தோடு கதைத்துத்தான் பயம் குறையும்.

பலர் முன்னால் எழும்பி நிற்கும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டுகிறது, விரல்கள் நடுங்குகின்றன, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுவதால் குரல் மெலிகிறது. அனேகமானோருக்கு இது உச்சத்துக்குப் போவது பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்னும், கதைக்கத் தொடங்கிய முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான். அதன்பின் தானாகவே இறங்கும். ஆனால் அந்த உச்சத்திலேயே "காய்ச்சல்" என்று சொல்லி விலகுகிறவருடைய உடலுக்கு, இது இறங்கும் என்பது தெரியாமலே போகிறது. அடுத்த முறை பயம் இன்னும் முந்தி வரும்.

விலகாமல் நின்றும் பயம் குறையாதவர்கள் இருக்கிறார்கள். இதற்கு டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995 இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பயப்படுகிறவரின் கவனம் சபையை விட்டுத் தன்மேல் திரும்புகிறது. கை நடுங்குகிறதா, குரல் தளம்புகிறதா என்று தன்னையே காவல் காக்கிறார். உள்ளே தெரியும் படபடப்பு முழுவதும் வெளியே தெரிகிறது என்றும் நம்பிவிடுகிறார். அதை மறைக்கச் செய்கிற காரியங்கள்தான் கேடு: தாளை விட்டுக் கண் எடுக்காமல் வாசிப்பது, மேசையை இறுக்கிப் பிடிப்பது, கெதியாக முடித்துவிட வேண்டுமென்று ஓட்டமாய் ஓடுவது. பேச்சு நல்லபடி முடிந்தாலும் "தாள் இருந்தபடியால் தப்பினேன்" என்ற எண்ணமே மிஞ்சும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் கமக்காரர் ஒருவர் கூட்டத்தில் எழும்பி, தன் வயலுக்குத் தண்ணீர் வராததைப் பற்றிக் கதைப்பதைக் கவனியுங்கள். அவருக்குக் குறிப்புத் தாள் இல்லை, தன் கையைப் பார்க்க நேரமும் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஆசிரியர் எழுதித் தந்ததை வரிவரியாகப் பாடமாக்கி ஒப்புவித்தே பழகிவிட்டோம். போட்டிக்கு அது சரி. பல்கலைக்கழகத்தில் அதே முறையைக் கையாண்டால், ஒரு சொல் நழுவியதும் அதற்குப் பின்னால் உள்ள முழுவதும் போய்விடும். "எல்லாம் மறந்து போச்சு" என்று சொல்வோரைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் மறந்தது ஒரு வரியாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் சமர்ப்பிக்க வேண்டியவர்கள் இதில் இன்னும் ஆழமாக விழுகிறார்கள்.

ஆகவே பாடமாக்க வேண்டியது முதல் மூன்று வசனமும் கடைசி இரண்டு வசனமும் மட்டும். முதல் மூன்றும் பதற்றத்தின் உச்சத்தைத் தாண்டக் கொண்டுபோகும். நடுப்பகுதிக்கு ஐந்தாறு தலைப்புச் சொற்களைத் தபாலட்டை அளவு மட்டையில் பெரிதாக எழுதுங்கள். ஏ4 தாள் வேண்டாம். விரலின் சிறு நடுக்கத்தையும் தாளின் மறுநுனி பெரிதாக்கிக் காட்டும். லேசர் சுட்டி அதைவிட மோசம். உங்கள் கையில் தெரியாத நடுக்கம் திரையில் சாணளவு துள்ளும். சிலைட்டிலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள், அல்லது திரையருகில் போய்க் கையால் காட்டுங்கள். நாலடி நடந்தால் உடலின் இறுக்கமும் தளரும்.

ஒத்திகை என்பது கட்டிலில் இருந்து மனதுக்குள் வாசிப்பதல்ல. எழும்பி நின்று, சத்தமாக, கடிகாரம் வைத்துச் செய்வது. 15 நிமிடம் தந்தால் 12 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். நாலைந்து முறை முழுதாகச் சொன்னபின், சிலைட் இலக்கங்களைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, வந்த இலக்கத்திலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். நடுவில் அறுந்தால் நடுவிலிருந்தே தொடரும் பழக்கம் இப்படித்தான் வரும். ஆங்கிலமென்றால், நாக்கில் சிக்கும் பத்துப் பன்னிரண்டு கலைச்சொற்களைத் தனியே எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இதற்குச் சமாந்தரமாக, மூன்று நான்கு கிழமைக்கு முன்பே ஒரு ஏணி கட்ட வேண்டும். பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். தனியே தொலைபேசியில் பதிவு செய்வது 3 ஆக இருக்கலாம். வீட்டில் தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் சொல்வது 4. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி ஒரு கேள்வி கேட்பது 5. பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும் ஏதாவதொரு நிகழ்வில் இரண்டு நிமிட நன்றியுரை 6. எங்கள் ஊர்களில் நன்றியுரைக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள், கேட்டாலே கிடைக்கும். வகுப்பு நண்பர்கள் முன்னால், அவர்கள் வேண்டுமென்றே குறுக்குக் கேள்வி போட, முழுச் சமர்ப்பணம் 8. ஒவ்வொரு படியையும் புள்ளி ஏறக்குறையப் பாதியாகும் வரை திரும்பச் செய்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். 3 இலிருந்து நேரே 9 க்குப் பாய்கிறவர்தான் இடையில் ஓடுகிறார். கடைசி இரண்டு நாளில் இதைத் தொடங்குவதில் பயனில்லை.

அன்றைக்குக் கோப்பியையும் கடுஞ்சாயத் தேத்தண்ணியையும் குறையுங்கள்; அவை படபடப்பைக் கூட்டும். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். மண்டபத்துக்கு அரை மணி முந்திப் போய்ப் பின்வரிசையில் இருந்து சிலைட் தெரிகிறதா என்று பாருங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கோடு நின்றால் அது கீச்சிடும், பின்னால் நில்லுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி போதும். மாரியில் தகரக் கூரையில் மழை பிடித்தால் மைக்கும் தோற்கும், அப்போது நிறுத்திக் காத்திருப்பதே மரியாதை. கரண்ட் போனால் மல்டிமீடியாவும் போகும் என்பதால் சிலைட்டுகளை ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். முறை வருவதற்கு முன் மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்செடுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சை அமைதிப்படுத்துவது மூச்சை விடும் பக்கம்தான், ஆழமாக இழுத்து இழுத்து எடுத்தால் தலைதான் சுற்றும்.

இடையில் அறுந்துவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வசனத்தை வேறு சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள், அல்லது ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் மூன்று வினாடி, கேட்பவருக்கு இடைநிறுத்தம் மட்டுமே. கேள்வி வந்தால் அதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். தெரியாவிட்டால் "அந்தத் தரவை இந்த ஆய்வில் எடுக்கவில்லை" என்பதும் பதில்தான்.

ப்ரொப்பிரனலோல் குளிசை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நடுக்கத்தையும் படபடப்பையும் அது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிராபத்தை உண்டாக்கலாம். இதயத்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கும் ஆகாது. நண்பரிடம் வாங்கிப் போடும் குளிசை அல்ல அது. வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேலாக இந்தப் பயத்தால் வகுப்பையோ நேர்முகப் பரீட்சையையோ தவிர்த்து வருகிறீர்கள் என்றால் அது சமூகப் பதகளிப்பாக, அதாவது மற்றவர்கள் தன்னைக் கவனிக்கும் இடங்களில் வரும் மிகையான பயமாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. வன்னியில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மைக் கீச்சிடும்போதோ சனம் நெரிசலாக இருக்கும்போதோ 2009 போரின் காட்சிகள் கண்முன் வருகின்றன என்றால் அது மேடைப் பயமல்ல. அதற்கு மேலே சொன்ன ஏணியைத் தனியே ஏற முயல வேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

சமர்ப்பணம் முடிந்த அன்று பின்னேரம், "எப்பிடி இருந்தது?" என்று யாரையும் கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்பார்கள், நீங்கள் நம்பமாட்டீர்கள். "பின்வரிசைக்குக் குரல் கேட்டதா? எந்த சிலைட் விளங்கவில்லை?" என்று கேளுங்கள். போக முதல் போட்ட புள்ளியையும் ஐந்தாவது நிமிடத்தில் இருந்த புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த சந்தர்ப்பத்தை இரண்டு மூன்று கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இடைவெளி விட்டால் புள்ளி திரும்ப ஏறும்.