மழைக்கு மறுநாள் வரும் சிவப்பு

காரைக்குடிப் பக்கம் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள், வெயில் ஏறுவதற்குள் பொட்டலுக்குப் போய்ப் பாருங்கள். செம்மண்ணில் குங்குமத்தை உருட்டி வைத்தது போல ஒன்று மெதுவாக ஊரும். வெல்வெட் பூச்சி, பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் புல் போட்டு அடைத்து வைப்போம். "அழுத்தாதடா, அது மழைக்குப் பொறந்தது" என்பார் ஆயா.

மழைக்கு வெகுநாள் முன்பே அது பிறந்துவிடுகிறது. முட்டை மண்ணுக்குள். பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறே கால்தான். வெட்டுக்கிளி போன்றவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து மண்ணுக்குள் போய், எட்டுக் காலோடு வளரும். ஆக, நாம் பூச்சி என்றாலும் இது சிலந்தி, உண்ணி வகையறா.

உள்ளங்கையில் வைத்தால் கால்களை மடக்கிக்கொண்டு வெறும் பட்டுத் துணுக்காகக் கிடக்கும். கையை ஆட்டாமல் இருங்கள். முன்னங்கால் இரண்டும் முதலில் நீளும், தோலைத் தடவிப் பார்க்கும், அப்புறம்தான் நடக்கும். அந்தப் பளிச்சென்ற சிவப்பு, 'என்னைத் தின்னாதே, ருசிக்காது' என்று பறவைக்கும் பல்லிக்கும் சொல்லும் எச்சரிக்கை.

சரி, ஏன் மழைக்குப் பிறகு மட்டும்? மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறதே, அதுதான் இதற்கு விருந்து. கலிபோர்னியப் பாலைநிலத்தில் இதன் உறவுக்கார இனம் ஒன்றை டெவிஸ், நியூவெல் என்ற இருவர் ஆராய்ந்து 1962இல் எழுதினார்கள். வளர்ந்த பூச்சி ஆண்டில் சில மணி நேரம்தான் தரைக்கு மேலே நடமாடுகிறது. மீதி நாளெல்லாம் மண்ணுக்குள்தான். அது வெளியே வருவதும் கறையான் பறப்பதும் ஒரே சமயத்தில். அகநானூறு இதை 'ஈயல் மூதாய்' என்கிறது. ஈயல் என்றால் ஈசல். பெயர் வைத்தவர்கள் இரண்டையும் ஒரே தரையில் ஒன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வடக்கே சில மாநிலங்களில் மருந்து எண்ணெய்க்காக இதை அள்ளி விற்கிறார்கள். நம் பக்கம் ஆபத்து வேறு. கிராவலுக்காகச் செம்மண்ணை லாரி லாரியாக வெட்டி எடுத்தால் முட்டையும் சேர்ந்து போகிறது. வாசலில் பேவர் கல் பதித்தால் மேலே வர வழியில்லை. கறையான் மருந்து ஊற்றினால் இரை போச்சு. நான் கடைசியாக இவற்றைக் கூட்டமாகப் பார்த்தது கானாடுகாத்தானில், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் பின்புறத்தில். உழவில்லை, மருந்தில்லை, ஓரத்தில் ஒரு புற்று. அவ்வளவே அதற்குப் போதும்.

ஊருணிக் கரையிலும் கோயில் பொட்டலிலும் கொஞ்சம் மண்ணைக் கிளறாமல் விடலாம். வீட்டை ஒட்டாத புற்றை இடிக்காமல் இருக்கலாம். பிள்ளைகள் பிடித்துப் பார்க்கட்டும்; ஆனால் உடனே எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். இரை தேடுவதோடு ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதும் அந்தச் சில மணி நேரத்துக்குள்தான்.