மாஸ்க் வெட்டுமுன் அளவைச் சரிபாருங்கள்

சேகரிப்பாளர் ஒருவர் தாம் கட்டிய பி-51 மஸ்டாங் போர் விமான மாதிரியை என்னிடம் கொண்டுவந்தார். 1/48 அளவு, அதாவது உண்மை விமானத்தில் 48இல் ஒரு பங்கு. உலோக நிறப் பூச்சில் ஒரு பிசிறு கிடையாது. ஆனால் இறக்கையில் உள்ள அமெரிக்க நட்சத்திரச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை ஏதோ உறுத்துகிறது என்றார். ஸ்கேலை வைத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நட்சத்திரத்தின் இருபுறமும் நீளும் வெள்ளைப் பட்டைகளை வட்டத்தின் நட்டநடுவில் வைத்து மாஸ்க்கை, அதாவது பூச்சு படக்கூடாத இடத்தை மூடும் ஒட்டுத்தாளை, வெட்டியிருந்தார். பட்டையின் இடம் அதுவல்ல.

அந்தச் சின்னம் ஒரு தெளிவான வடிவக் கணக்கில் அமைந்தது. நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் நீல வட்டத்தின் விளிம்பைத் தொடும். ஒவ்வொரு பட்டையின் நீளமும் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். உயரம் ஆரத்தில் பாதி. சுற்றியுள்ள கரை ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டையின் மேல் விளிம்பு, நட்சத்திரத்தின் பக்கவாட்டு முனைகளின் மேல் விளிம்போடு ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அந்தக் கோடு மையத்திலிருந்து ஆரத்தின் 0.309 பங்கு மேலே இருக்கிறது. எனவே பட்டையின் கீழ் விளிம்பு மையத்துக்கு 0.191 பங்கு கீழே வந்து நிற்கும். வட்டத்தின் விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால், பட்டை நடுவிலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அவருடைய கண்ணை உறுத்தியது அந்த அரை மில்லிமீட்டர்தான்.

என்னிடம் திருத்தத்துக்கு வரும் மாதிரிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். வெட்டியது சுத்தமாக இருக்கும், பூச்சும் நன்றாக இருக்கும், வரைந்த படம் மட்டும் தவறாக இருக்கும். பிளேடு தன்னிடம் கொடுத்ததைத்தான் வெட்டும். கணினி கட்டர் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கையால் வெட்டினால் ஒரு சின்னத்தோடு போகும் பிழை, கோப்பில் சேமித்துவிட்டால் அடுத்து வரும் மாதிரிகளுக்கெல்லாம் தொற்றிக்கொள்ளும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1942 மே வரை அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டு இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டோடு குழம்பிவிடும் என்பதால் நீக்கினார்கள். பக்கப் பட்டைகள் 1943 ஜூனில் சிவப்புக் கரையோடு வந்தன; சில மாதங்களிலேயே கரை நீலமானது. பர்மாப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பு போனதும் இதே அச்சத்தால்தான். விமானம் எந்த மாதத்தில் பறந்த நிலையைத் தீட்டுகிறோம் என்பது தெரியாமல் மாஸ்க் வரையத் தொடங்குவது வீண் வேலை.

பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் ஆண்டு மாறினால் விகிதமே மாறிவிடும். 1940 இறுதியிலும் 1941இலும் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடலில் இருந்தது ஏ1 வகை. சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகியவற்றின் விட்டங்கள் 5, 15, 25, 35 அங்குலம். வளையங்கள் மூன்றும் ஒரே அகலம். 1942இன் நடுவில் வந்த சி1 வகையில் அவை 12, 16, 32, 36 அங்குலம். வெள்ளையும் மஞ்சளும் வெறும் 2 அங்குல வளையங்களாகச் சுருங்கிவிட்டன. 1/48 அளவில் 2 அங்குலம் என்பது 1.06 மில்லிமீட்டர், 1/72 அளவில் 0.7 மில்லிமீட்டர். இந்த மெல்லிய வெள்ளையை ஒன்றரை மில்லிமீட்டராகத் தடிக்க விட்டால் விமானத்தின் முகமே மாறிப்போகும். வால் துடுப்பில் உள்ள சின்னத்துக்கும் இது பொருந்தும்: 24 அங்குலச் சதுரத்தில் செங்குத்துப் பட்டைகளாகச் சிவப்பு 11, வெள்ளை 2, நீலம் 11 அங்குல அகலம்.

அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி 48ஆலோ 72ஆலோ வகுத்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். கடினமானது, அந்த அங்குலத்தைக் கண்டுபிடிப்பது. புகைப்படத்திலிருந்து அளப்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, உடலின் வளைவு. வட்டச் சின்னம் உருண்ட பக்கத்தில் இருப்பதால் படத்தில் அதன் உயரம் குறைந்து தெரியும். கிடைமட்ட அகலத்தை மட்டும் நம்புங்கள். ஒப்பிடுவதற்கான தெரிந்த அளவையும் சின்னத்துக்கு அருகிலேயே, கேமராவிலிருந்து அதே தூரத்தில் தேர்ந்தெடுங்கள். ஸ்பிட்ஃபயர் என்றால் வாலுக்கு முன்னால் உள்ள 18 அங்குலப் பட்டை இதற்கு மிகவும் கைகொடுக்கும்.

இரண்டாவது, படச்சுருள். அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பும் மஞ்சளும் கறுத்துத் தெரியும், நீலம் வெளுத்துத் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் வளையம் கரிய வளையமாகத் தோன்றும். உருமறைப்புப் பூச்சோடு கலந்து காணாமலே போவதும் உண்டு. அப்படியொரு படத்தை நம்பி, மஞ்சளே இல்லாத சின்னத்தை நானும் ஒருமுறை வெட்டியிருக்கிறேன். அதே விமானத்தின் வேறொரு படம் கிடைத்த அன்று முழுப் பக்கத்தையும் தேய்த்தெடுத்து மீண்டும் தீட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரே படத்தை ஆதாரமாக வைத்து நான் எதையும் வெட்டுவதில்லை.

கணக்கு முடிந்ததும் காகிதத்தில் அச்சிட்டுப் பாருங்கள். பக்கத்துக்குள் அடங்கும்படி பிரிண்டர் தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். அதனால் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றைச் சேர்த்து அச்சிட்டு, அதை அளந்த பிறகே மற்றதை நம்ப வேண்டும். காகிதச் சின்னத்தை வெட்டி மாதிரியின் மேல் ஒட்டி, புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். எந்தத் தகட்டு இணைப்பைத் தொடுகிறது, எந்த மூடியை வெட்டிச் செல்கிறது என்பது அளவையும் இடத்தையும் ஒருசேரக் காட்டிக்கொடுக்கும்.

மாஸ்க்குக்கு, வளைந்த உடலில் நான் விரும்புவது மஞ்சள் காகித டேப். வினைல் சுத்தமாக வெட்டுப்படும், ஆனால் வளைவில் இழுத்து ஒட்டினால் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பி ஓரத்தில் எழும்பிவிடும். வட்டம் வெட்டும் காம்பஸ் கட்டரின் ஊசி நடுவில் துளையிடும் என்பதால் அங்கே ஒரு துண்டு டேப்பைக் கூடுதலாக ஒட்டிக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் முனைகளில் புதிய பிளேடை முனையில் ஊன்றி உள்நோக்கி இழுக்க வேண்டும்; முனையை நோக்கி வெட்டினால் டேப் கிழியும்.

நட்சத்திரச் சின்னத்துக்கு முதலில் வெள்ளை அடித்து, நட்சத்திரத்தையும் பட்டைகளையும் மூடி, பிறகு நீலம் அடிக்கலாம். சி1 வட்டத்துக்கும் அடியில் முழு வெள்ளை தேவை. கரும்பச்சைப் பூச்சின் மேல் மஞ்சள் எடுபடாது. மாஸ்க்கின் ஓரத்தில், புது நிறத்துக்கு முன் அடியில் உள்ள நிறத்தையே மெல்லியதாக ஒருமுறை அடித்துவிடுங்கள். கசிவது எதுவானாலும் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். பிறகு ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் பூச்சைத் தெளிக்கும் கருவி) மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மாஸ்க்கை மடக்கி, மேற்பரப்பை ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள்.

நார்மண்டித் தரையிறக்கத்தின்போது தீட்டிய கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு மட்டும் இந்த ஒழுங்கைச் சற்றுத் தளர்த்துவேன். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், அதாவது 1/72 அளவில் 6.35 மில்லிமீட்டர். ஆனால் 1944 ஜூன் தொடக்கத்தில் தரைப்பணியாளர்கள் பல விமானங்களில் அவற்றைத் தூரிகையால் அவசர அவசரமாகத் தீட்டினார்கள். அந்த விமானத்தின் படத்தில் ஓரம் அலைந்து தெரிந்தால், டேப்பைக் கையால் கிழித்தோ சற்றே வளைத்தோ ஒட்டுவதுதான் சரியான மாஸ்க்.

மஸ்டாங்குக்கு வருகிறேன். பட்டைகளையும் அவற்றின் கரையையும் மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தேன். உலோகப் பூச்சை டேப் உரித்துவிடாதபடி, ஒவ்வொரு துண்டையும் கண்ணாடியில் ஐந்தாறு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்தேன். நட்சத்திர முனையின் மேல் விளிம்பில் ஸ்கேலை வைத்து, அந்தக் கோட்டிலேயே புதிய மாஸ்க்கை ஒட்டினேன். வட்டத்தைத் தொடவே தேவை இருக்கவில்லை.